வெட்டுத் துணியின் விலை

வருமானம் தருகிற காரியத்துக்கு வீட்டில் தனி மரியாதை உண்டு. புண்ணியம் தருகிற காரியத்துக்கும் உண்டு. இவ்விரண்டையும் தராமல், செய்கிறவருக்கு மட்டும் ஒரு நிறைவைத் தந்துவிட்டுப் போகிற காரியத்தை, விருந்தாளி வரும் சமயத்தில் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிற பழைய பெட்டியைப் போலத்தான் குடும்பங்களில் நடத்துகிறார்கள். நான் நெடுங்காலமாகத் துணித் துண்டுகளை வெட்டியும் ஒட்டியும் தைத்தும் படங்கள் செய்து வருகிறவள். ஆகையால் அந்தப் பெட்டியின் சுகதுக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். என் தங்கையின் மகன், கணக்குத் தணிக்கை படித்தவன், என்னிடத்தில் மிகுந்த பிரியமுள்ளவன், நான் முடித்து வைத்திருந்த ஒரு படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இத வித்தா எவ்வளவு வரும்?" என்று கேட்டான். அதில் ஏளனம் சிறிதும் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே அளவுகோலை எடுத்து, அதைக்கொண்டு என் காரியத்துக்கு எவ்வளவு மரியாதை செய்ய முடியுமோ அவ்வளவு செய்ய விரும்பினான் என்பதே உண்மை. ஆனால் அவனுடைய கேள்விக்குள் அவன் கேட்காத இன்னொரு கேள்வி அடங்கியிருந்தது. எவரும் வேண்டுமென்று கேளாத, எவருக்கும் அவசியமென்று சொல்ல முடியாத ஒன்றுக்கு, இருக்கிற ஆயுளில் ஒரு பங்கை ஒப்புக்கொடுப்பது நியாயந்தானா?

தையற்கடையில் மேசைக்கடியில் சேருகிற வெட்டுத் துணியின் கதி யாவரும் அறிந்ததே. ரவிக்கைக்குக் கைவளைவு வெட்டியதில் விழுந்த பிறைத் துண்டு, சட்டைக் கழுத்திலிருந்து உதிர்ந்த அரைவட்டம், லைனிங் எடுத்ததில் மிஞ்சிய கீற்று எல்லாம் பொழுது சாயும்போது ஒரு சாக்கில் திணிக்கப்பட்டு, கொஞ்சம் இயந்திரத்தில் எண்ணெய் துடைக்கவும், கொஞ்சம் தலையணைக்குள் அடைக்கவும், மீதி குப்பைக்குமாகப் போய்ச் சேருகின்றன. முழுத் துணியாக இருக்கும் வரையில் அங்குலத்துக்கு அங்குலம் விலையுள்ள அந்த வஸ்து, கத்தரிக்கோல் பட்ட கணத்தில் இரண்டு ஜாதிகளாகப் பிரிந்து, ஒன்று உடையாகி விலை ஏறுகிறது. மற்றது தரையில் விழுந்து விலையற்றுப் போகிறது. இரண்டும் ஒரே தறியில் ஒரே கையால் நெய்யப்பட்டவைதாம். கத்தரி சென்ற பாதையைத் தவிர அவற்றுக்கிடையே யாதொரு பேதமும் இல்லை.

தரையில் விழுந்த ஜாதியிடத்தில்தான் என் அபிமானம். வறுமையைப் போற்றுகிற தத்துவம் எதுவும் இதற்குக் காரணமன்று. புதுத் துணி வாங்க வழியில்லாமலும் அன்று. விழுந்த துண்டுக்கு ஏற்கெனவே ஓர் உருவம் இருக்கிறது என்பதும், அந்த உருவம் நான் தீர்மானித்ததன்று என்பதுமே அதிலுள்ள வசீகரம். கைவளைவுப் பிறையை ஒருவிதமாக வைத்தால் படகு, கவிழ்த்து வைத்தால் குன்று, நிமிர்த்தினால் கிளி. நான் வெறுந்தாளின் முன் உட்கார்ந்து ஒரு கிளியை வரைய முயன்றால் அது எனக்குத் தெரிந்த கிளியாகவே, அதாவது எல்லோருக்கும் தெரிந்த கிளியாகவே வந்து நிற்கிறது. தையற்காரர் தம்மை அறியாமல் வெட்டிப் போட்ட கிளி, நான் கனவிலும் காணாத ஒரு சாய்வோடு பறக்கிறது.

நிறமும் அப்படியே. வர்ணம் தீட்டுகிறவர் நீலம் கனத்துப் போனால் வெள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம். துணியை வைத்து வேலை செய்கிறவருக்குக் கலவை என்பதே கிடையாது. எங்கேயோ சாயம் தோய்ந்து, யார் உடம்பிலோ கிடந்து, பல வருஷம் துவைகல்லில் அடிபட்டு வெளுத்த நிறங்களுள் தமக்கு வேண்டியது எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆடி மாதத்தில் புதுவெள்ளமாக வரும் காவிரியின் நிறம் எனக்கு ஒரு படத்துக்காக வேண்டியிருந்தது. கடைகளில் அடுக்கியிருந்த பழுப்பு வகை எதுவும் அதற்கு ஒவ்வாமல், கடைசியில் நைந்துபோன ஒரு காவி வேட்டியின் மடிப்போரத்தில் அது கிடைத்தது. மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக இருப்பதால், வெளிச்சம் விழும் கோணத்துக்கேற்பப் பச்சையும் நீலமும் மாறி மாறித் தெரியும். அதைக் குறுக்கே வைத்துத் தைத்தால் குளத்து நீர், நெடுக்கே வைத்தால் வெறும் பட்டு. பருத்தி சொன்ன சொல்லைக் கேட்கும். பட்டு வழுக்கும், ஓரத்தில் பிசிறு விடும். வாயில் துணியிலோ பசை ஊறி முகப்புக்கு வந்து கறையாக நின்றுவிடும். இழைக்கு நேராக வெட்டிய துண்டு விறைப்பாக நிற்கும். தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் சாய்வெட்டில் எடுத்தது இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுக்கும். ஆகவே கோபுரத்துக்கு நேர்வெட்டு, ஆற்றுக்குக் கிராஸ். இவ்வளவு நிர்ப்பந்தங்களுக்கும் இடையில் நமக்கென்று மிஞ்சுகிற சுதந்திரம் மிகவும் சிறியது. இந்தத் துண்டா, அந்தத் துண்டா என்று தேர்ந்தெடுப்பதும், எதன் பக்கத்தில் எதை வைப்பது என்று தீர்மானிப்பதுமே அது. அந்தச் சிறிய இடத்துக்குள் நான் ஒருபோதும் சலிப்படைந்ததில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இதெல்லாம் அவகாசம் உள்ளவர்களின் விளையாட்டு என்று ஓர் ஆட்சேபம் உண்டு. அது வெறும் வாதமன்று. அதற்குச் சரித்திரத்தில் சாட்சியும் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த மேரி டிலேனி என்ற சீமாட்டி, விதவையான பின்பு தமது 72ஆம் வயதில் வண்ணக் காகிதங்களைக் கத்தரித்து, கரிய பின்னணியில் ஒட்டி மலர்ச் சித்திரங்கள் செய்யத் தொடங்கி, கண்பார்வை மங்கிக் கைவிடும் வரையில் ஆயிரத்துக்குச் சற்றே குறைவான படங்களை முடித்தார். அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. செல்வமும் சிநேகிதர்களும் நிறைந்த மாளிகை வாழ்க்கை அது. முதுமையில் அப்படியோர் அவகாசம் நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? டிலேனி அம்மையாரை மாத்திரம் பார்த்தால் ஆட்சேபக்காரர்கள் சொல்வது சரியென்றே தோன்றும். ஆனால் அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், அடிமையாகப் பிறந்த ஒரு பெண் செய்த காரியத்தையும் பார்க்க வேண்டும்.

ஹாரியட் பவர்ஸ் 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியா ராஜ்யத்தில் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் விடுதலை பெற்று, கணவரோடு சிறிதளவு நிலம் வைத்துப் பயிர் செய்து, குழந்தைகளைப் பெற்று வளர்த்தவர். அவர் ஒரு மெத்தைப் போர்வை செய்தார். அப்பிரதேசத்தில் போர்வை தைக்காத பெண் இல்லை. சதுரமும் முக்கோணமுமாகத் துணி ஒட்டித் தைக்காதவர்களும் இல்லை. இவரோ துணியை மனிதராகவும் மிருகமாகவும் சூரிய நட்சத்திரங்களாகவும் வெட்டி, பதினொரு கட்டங்களில், ஆதாமும் ஏவாளும் தொடங்கி விவிலியக் கதைகளைப் பதித்துவிட்டார். 1886இல் ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திப் பொருட்காட்சியில் அது தொங்கியது. அவ்வூரில் சித்திரம் கற்பித்துவந்த ஜென்னி ஸ்மித் என்ற பெண்மணி அதைக் கண்டு, தேடிப் போய் விலைக்குக் கேட்டபோது, எந்த விலைக்கும் தருவதற்கில்லை என்று பவர்ஸ் மறுத்துவிட்டார்.

சில வருஷங்களில் கஷ்டகாலம் வந்தது. 1891இல் அவரே, மாட்டுவண்டியில், அந்தப் போர்வையைச் சுத்தமான மாவுப் பையில் இட்டு, அதன்மேல் ஒரு சாக்கைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஸ்மித்தின் வாசலில் வந்து இறங்கினார். பத்து டாலர் கேட்டார். ஐந்துக்கு மேல் தர ஸ்மித்தினால் இயலவில்லை. கணவரோடு கலந்து பேசிவிட்டு ஐந்தை வாங்கிக்கொண்டார். என் தங்கை மகனின் கேள்விக்குச் சரித்திரத்தில் கிடைக்கிற விடைகளுள் ஒன்று ஆக ஐந்து டாலர். ஆனால் விற்றவுடன் அவர் போய்விடவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது யார், நடப்பது என்ன என்று ஒன்றுவிடாமல் விளக்கிச் சொல்லிவிட்டே போனார். அதன் பின்பும் தம் போர்வையைப் பார்ப்பதற்காக மறுபடியும் மறுபடியும் வந்துகொண்டிருந்தார். அவர் சொன்னதை ஸ்மித் எழுதி வைத்ததனால்தான், இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கும் அந்தப் போர்வையின் பொருள் நமக்கு விளங்குகிறது. பிற்பாடு அவர் செய்த இன்னொன்று பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பதினைந்து கட்டங்களுள், விவிலியக் கதைகளுக்கு நடுவே, 1833இல் வானத்திலிருந்து நட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்த இரவையும் காணலாம். அவர் பிறப்பதற்கு முன் நடந்தது அது. கேட்டுக் கேட்டே மனத்தில் தங்கியிருக்க வேண்டும்.

பதினொரு கட்டங்களிலும் ஒட்டிய உருவங்களால் அந்தப் போர்வை ஒரு குன்றிமணியளவும் கூடுதல் கதகதப்புப் பெறவில்லை. குளிருக்கு வேண்டியது பஞ்சும் இரண்டு துணிகளுந்தான். வயலிலும் அடுப்படியிலும் நாள் முழுவதும் உழைத்த ஒரு பெண் எந்த நேரத்தில் ஏவாளை வெட்டினாள், எந்த நேரத்தில் சர்ப்பத்துக்குத் துணி தேடினாள்? அவகாசம் வந்து அதன்பின் ஆசை வந்தது என்று அவருடைய வாழ்க்கையைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா? ஆசைதான் முதலில் இருந்திருக்கிறது; அது அவகாசத்தை எங்கிருந்தோ பறித்துக்கொண்டு வந்திருக்கிறது.

நம் வீடுகளில் முன்பு கிழிசலுக்கு ஒட்டுப்போட்ட பெண்களிடமும் இதைக் கண்டிருக்கிறேன். கிழிந்த இடத்தை மூடுவதற்கு எந்தத் துண்டும் போதும். ஆனாலும் கை நேராகப் போய் முதலில் அகப்பட்டதை எடுத்துவிடுவதில்லை. ஒன்றை எடுத்து, வைத்துப் பார்த்து, வேண்டாமென்று ஒதுக்கி, இன்னொன்றைத் தேடுகிறது. அந்த இரண்டாவது துண்டைத் தேடும் நேரத்துக்குத் தேவை என்ற கணக்கில் இடமே இல்லை. வட கன்னட மாவட்டத்துக் காடுகளை ஒட்டி வாழும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததியாரான சித்தி இனப் பெண்கள், பழந்துணிகளை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக் கவந்தி என்ற போர்வை செய்கிறார்கள். அதன் நான்கு மூலைகளிலும் பூ என்று பெயரிட்டுச் சிறு முக்கோண மடிப்புகளை வைக்காவிட்டால் அந்தப் போர்வை மூளியாகிவிட்டதாக அவர்கள் கருதுகிறார்கள். கலை என்பது அவசியமெல்லாம் தீர்ந்த பிறகு மேல்மாடியில் கட்டுகிற அறை என்று நினைப்பவர்கள் அந்த மூலைகளைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இனி, இந்தக் காரியத்தில் எனக்கு மிகவும் சங்கடமானதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறந்தவர்களுடைய துணியை வெட்டலாமா?

அலபாமா ராஜ்யத்தில், மூன்று புறமும் ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் ஒரு நிலப்பகுதிக்கு ஜீஸ் பெண்ட் என்று பெயர். முன்பு பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார் அங்கே வாழ்கிறார்கள். பலருக்கும் பழைய எஜமானரின் குடும்பப் பெயரான பெட்வே என்பதே பெயராக நிலைத்துவிட்டது. அவ்வூர்ப் பெண்கள் உழைத்து நைந்த கால்சட்டைகளையும் மாவுப் பைகளையும் கொண்டு தைத்த போர்வைகளை, 2002இல் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகம் சுவரில் மாட்டியது. பின்னர் நியூயார்க்கிலும் மாட்டினார்கள். 2006இல் அவை அமெரிக்கத் தபால்தலைகளில் ஏறின. நவீன ஓவியத்துக்கு இணை என்று விமரிசகர்கள் பாராட்டியதைப் பற்றி எனக்குப் பெரிய மகிழ்ச்சி இல்லை. நவீன ஓவியம் பிறவாமல் இருந்திருந்தாலும் அந்தப் போர்வைகளுக்கு ஒரு குறையும் வந்திராது. அவற்றுள் 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண் செய்த போர்வையே என் நினைவை விட்டு அகலுவதில்லை. கணவர் இறந்த பின், அவர் வயலில் அணிந்திருந்த வேலை உடைகளை வெட்டி, அவர் ஞாபகமாகத் தாம் போர்த்திக்கொள்வதற்கென்று தைத்துக்கொண்டது அது. முழங்கால் தேய்ந்த இடமும், பை பிரித்தெடுத்த அடையாளமும், வியர்வையும் மண்ணும் ஏறிய பழுப்பும் அதில் அப்படியே இருக்கின்றன.

அம்மாவின் புடவைகள் என் அலமாரியில் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை நான் வெட்டியிருக்கிறேன். ஒன்றிரண்டை வெட்ட மனம் வரவில்லை. என் தங்கைக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு. மடித்து, வேப்பிலையும் இட்டு வைத்திருந்தால் அம்மாவே இருப்பதுபோல் இருக்குமே என்பாள். அவள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மடித்து வைத்த பட்டு சும்மா இருப்பதில்லை. வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே இற்று விடுகிறது. பாதுகாக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அழிந்துகொண்டிருக்கும் ஒன்றை, கண்ணெதிரே வேறோர் உருவில் வைத்துக்கொள்வது அவமரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. வெட்டும் அந்தக் கணத்தில் கை நடுங்கத்தான் செய்கிறது. நடுங்காத கையினால் அந்தப் புடவையை வெட்டக் கூடாது என்பதும் என் கட்சி.

வெட்டினால் விலை போய்விடும் என்பதை விரதமாகவே கொண்டவர்கள் பௌத்த பிக்ஷுக்கள். அவர்களுடைய சீவர ஆடை முழுத் துணியாக இருக்கலாகாது. துண்டு துண்டாக வெட்டித் தைத்ததாக இருக்க வேண்டும் என்பது விநயம் என்ற அவர்களுடைய ஒழுக்க நூலின் விதி. கத்தி பட்ட துணியைத் திருடர்களும் விரும்ப மாட்டார்கள், துறவிக்கும் அதுவே தக்கது என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஆனால் அந்தத் துண்டுகளை எப்படி இணைப்பது என்று வந்தபோது, மகத நாட்டு வழியில் வரப்புகளும் குறுக்கு வரப்புகளுமாகப் பரந்து கிடந்த நெல்வயல்களைப் புத்தர் ஆனந்தருக்குக் காட்டி, இதுபோல ஆடை அமைக்க உன்னால் முடியுமா என்று கேட்டதாகவும், ஆனந்தர் அவ்வாறே தைத்துக் காட்டியதாகவும் அந்நூல் சொல்கிறது. விலையை ஒழிப்பதற்கென்றே துணியை வெட்டியவர்கள், வெட்டிய பிறகு வயலின் அழகைத் தேடிப் போனார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் உண்டாகிறது. எப்படித் தைத்தாலும் மானம் மறைந்திருக்கும், குளிரும் நீங்கியிருக்கும். ஆசையைத் துறந்தவர்களும் வரப்பை நேராகப் பிடிக்கிற ஆசையை மட்டும் துறக்கவில்லை போலும்.

துணி ஒட்டுவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். ஒடிசாவில் பூரி ஜகந்நாதரின் தேர்களுக்கு மேற்கட்டி தைக்கும் பிப்பிலி ஊராரைப் போலவே, தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் கோயில் தேர்களுக்கும் மண்டபங்களுக்கும் தொம்பை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நீண்ட உருளைகளாகத் தொங்கும் அந்தத் துணி அலங்காரத்தில், சிவப்பின்மீது வெள்ளையும் பச்சையும் மஞ்சளுமாகத் தாமரையும் கிளியும் யாளியும் வெட்டி வைத்துத் தைத்திருப்பார்கள். கையில் வைத்துப் பார்த்தால் முரட்டு வேலையாகத் தெரியும். தேர் நகரும்போது, ஜன சமுத்திரத்துக்கு மேலே, ஆடிக்கொண்டே வருகையில்தான் அந்த யாளிக்கு உயிர் வரும். தூரத்தையும் அசைவையும் கணக்கிட்டு வெட்டிய கலை அது. வெயிலிலும் மழையிலும் நிறம் போனால் வேறு தைத்துக்கொள்வார்கள், பழையதற்காகத் துக்கப்படுவதில்லை. அவர்களுக்குத் தேரோட்டத் தேதி என்ற கெடு ஒன்று உண்டு. அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். என்னைப் போன்றவர்களுக்குக் கெடு இல்லை. இது பெரிய பாக்கியம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். கெடு இல்லாதவனுடைய கோபுரம் கலசம் இல்லாமலே வருஷக்கணக்கில் நின்றுவிடும் என்பதையும், அது கலையின் மீதுள்ள பக்தியினால் அன்று, வெறும் சோம்பலினால்தான் என்பதையும் தொழிற்காரர்களைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஆகவே இப்போது நானே எனக்குத் தேதி வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் யாருடைய வீட்டுக் கல்யாணமாவது, கிரகப்பிரவேசமாவது.

துண்டு தேடும் சிரமமே வேண்டாமென்று, புதுத் துணியையே சிறு சிறு சதுரங்களாக வெட்டி, நிறம் பொருத்தி, நாடாவால் கட்டி, அதனுடன் படத்தையும் அச்சிட்டுக் கொடுத்து, இந்த இடத்தில் இதை ஒட்டு என்று எண் போட்டு விற்கிறார்கள். என் அன்பர் ஒருவர் அப்படிப்பட்ட பெட்டியொன்றை எனக்குப் பரிசாகவும் அளித்தார். நல்ல மனத்தோடு கொடுத்ததைக் குறை கூறலாகாது. ஆயினும் தேடுகிற வேலையையும் தேர்ந்தெடுக்கிற வேலையையும் வேறொருவர் செய்து முடித்துவிட்ட பின், நமக்கென்று எஞ்சுவது பசை ஒன்றுதான். அதற்கு நான் ஆயுளில் பங்கு கொடுக்கச் சம்மதிக்க மாட்டேன்.

பவர்ஸ் அம்மையார் விற்ற பின்பும் நின்று கதை சொன்னதைப் படித்தது முதல், நானும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். படம் முடிந்ததும் அதன் பின்புறத்தில் ஒரு வெள்ளைக் காடாத் துணியைத் தைத்து, மையினால் எழுதி விடுகிறேன்: வானம், எதிர்வீட்டுப் பெண்ணின் பள்ளிச் சீருடை, படகு, தெருமுனைத் தையற்காரர் போட்ட பிறை, ஆறு, பழைய காவி வேட்டி, கரையில் நிற்பவளின் சேலை, அம்மாவுடையது. தங்கை மகனின் கிரகப்பிரவேசத்துக்கு அப்படியொன்றைத்தான் கொடுத்தேன். அவன் விலை கேட்கவில்லை. அவனுடைய மனைவிதான் பின்புறத்தை முழுவதும் படித்துவிட்டு, அம்மாவின் சேலை எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று கேட்டாள். பதில் எனக்குத் தெரியவில்லை. என் தங்கையிடம் கேட்கச் சொன்னேன், அவளுக்குத் தெரிந்திருந்தது. தீபாவளிக்கு எடுத்ததாம், அதுவும் தவணைக்காரரிடம். அந்தத் தவணை முடிவதற்குள் அம்மா பட்ட பாட்டை அவள் சொல்லத் தொடங்க, படத்தைப் பின்புறமாகவே திருப்பி வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.